பெட்டிக்காரர் மகனுக்கு இடது கை வருமா?

பியானோ டீச்சர் பதில்கள்

போன இதழில் ஒரு வாசகர், “கை முடங்கிப் போனால் பியானோக்காரர் என்ன செய்வார்?” என்று கேட்டிருந்தார். அமெரிக்கக் கலைஞர் லியோன் ஃப்ளைஷர் பெயரைச் சொல்லி, நாலு வரியில் பதில் எழுதினேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சரி, இந்தப் பக்கம் முழுவதும் அவரையே வைத்துக்கொள்வோம்.

யார் இந்த ஃப்ளைஷர்? ஒரு மனிதரை நாலு வரியில் முடிப்பது நியாயமா டீச்சர்?
– வாசகி, காவேரிப்பட்டினம்

கோபம் வேண்டாம், விவரமாகவே சொல்கிறேன். 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம், அப்பாவுக்குத் தொப்பி செய்யும் தொழில். வீட்டில் பியானோ பாடம் அண்ணனுக்குத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். வாத்தியார் போனதும் அண்ணன் விளையாட ஓடிவிடுவான், தம்பி போய் உட்கார்ந்து அன்றைய பாடத்தை அப்படியே வாசிப்பான். கொஞ்ச நாளில் பாடம் தம்பிக்கு மாறியது. அண்ணனுக்கும் அதில் வருத்தம் இருந்திருக்காது.

ஆர்தர் ஷ்னாபெல் என்று ஒரு பெரிய மேதை. பேத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்புகள்) முதன்முதலில் முழுமையாக ஒலிப்பதிவு செய்தவர். 1932 முதல் 1935 வரை அந்த வேலை நடந்தது. சின்னப் பிள்ளைகளை அவர் மாணவர்களாகச் சேர்ப்பதில்லை. அதனால் ஒரு இசை நடத்துநர் வீட்டில் ஷ்னாபெலை விருந்துக்கு அழைத்து, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பையனைப் பின்வழியாகக் கூட்டி வந்து பியானோ முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அறைக் கதவு திறந்தால் பையன் தயாராக இருக்கிறான்! வந்தவர் கேட்காமல் என்ன செய்வார்? கேட்டார், சேர்த்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பையன் இத்தாலியில் கோமோ ஏரிக்கரை வரை போய்ப் படித்தான்.

நம் ஊரில் யாருடைய பாணி, யாருடைய சிஷ்யர் என்று கேட்கிறோமே, அந்தக் கணக்கு அங்கேயும் உண்டு. ஃப்ளைஷரின் குரு ஷ்னாபெல். அவர் குரு லெஷடிட்ஸ்கி. அவர் குரு செர்னி. செர்னியின் குரு பேத்தோவன். உங்கள் பிள்ளை முகம் சுளித்துக்கொண்டே வாசிக்கிற செர்னி பயிற்சிப் புத்தகம் இருக்கிறதே, அதே செர்னிதான்.

1944இல், பதினாறு வயதில், நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு மேடையேறினார். நடத்தியவர் பியர் மோந்த்தோ, வாசித்தது பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற பெரிய படைப்பு. 1952இல் பிரசல்ஸில், பெல்ஜியத்தின் எலிசபெத் மகாராணி பெயரில் நடந்த பியானோ போட்டியில் முதல் பரிசு. அந்தப் பரிசை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். அப்புறம் ஜார்ஜ் ஸெல் நடத்திய கிளீவ்லாந்து இசைக்குழுவோடு பேத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்தார். இன்றுவரை ஆசிரியர்கள் மாணவர்களை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லும் பதிவுகள் அவை.

1964இல் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக உள்ளே சுருண்டுகொள்ள ஆரம்பித்தன. அப்போது வயது 36. கிளீவ்லாந்து குழுவோடு சோவியத் நாட்டுப் பயணம் போகவிருந்த நேரம். போக முடியவில்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, என்ன நோய் என்றே நீண்ட காலம் யாருக்கும் பிடிபடவில்லை. மனம் உடைந்துபோய் முடியும் தாடியும் வளர்த்துக்கொண்டு, வெஸ்பா ஸ்கூட்டர் வாங்கிச் சுற்றினார்.

பிறகு இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையை எடுத்து வாசித்தார். இசைக்குழுக்களை நடத்தினார். 1959 முதலே பால்டிமோரில் பீபாடி இசைக் கல்லூரியில் ஆசிரியர் என்பதால், பாடம் சொல்வது ஒரு நாளும் நிற்கவில்லை. 1986 முதல் 1997 வரை டாங்கிள்வுட் இசை மையத்தின் கலை இயக்குநர். 1990களின் நடுவில் போட்டாக்ஸ் ஊசியும் தசைகளைத் தளர்த்தும் சிகிச்சையும் கைகொடுக்க, மறுபடி இரண்டு கையாலும் மேடையில் வாசித்தார். 2004இல் ‘இரு கைகள்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு இசைத்தட்டு வந்தது. 2007இல் கென்னடி மைய விருது. 2020 ஆகஸ்ட் 2ஆம் தேதி, 92 வயதில் காலமானார். இப்போது நியாயமா?

தர்மபுரியில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். பேனாவைப் பிடித்தால் ஆள்காட்டி விரல் விறைத்துக்கொண்டு மேலே தூக்குகிறது. சாப்பிடும்போது, சட்டை பொத்தான் போடும்போது ஒன்றும் இல்லை. ஃப்ளைஷருக்கு வந்தது இதுதானா?
– வாசகர், தர்மபுரி

நான் பியானோ டீச்சர், டாக்டர் இல்லை அய்யா. ஆனாலும் நீங்கள் சொல்வதை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ‘எழுதும்போது மட்டும்’ என்பது முக்கியமான தகவல். ஃப்ளைஷருக்கு வந்ததை ஃபோகல் டிஸ்டோனியா என்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு வரும் விரல் இழுப்பும் அதே வகையைச் சேர்ந்ததுதான். குறை தசையில் இல்லை, விரலுக்கு ஆணை அனுப்பும் மூளைப் பகுதியில். பல ஆயிரம் முறை ஒரே நுணுக்கமான அசைவைச் செய்கிறவர்களுக்கு, அந்த ஒரு வேலையில் மட்டும் ஆணை குழம்பிவிடுகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே சுற்றி இருப்பவர்கள், ‘மனசுதான் காரணம், பயப்படாதே’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது வருவதாகக் கணக்கு. காற்று வாத்தியக்காரர்களுக்கு உதட்டில்கூட வரும்.

போட்டாக்ஸ் என்றால் நடிகைகளின் நெற்றிச் சுருக்கம்தான் நம் நினைவுக்கு வரும். அளவுக்கு மீறி இழுக்கிற தசையை அது கொஞ்சம் தளர்த்துகிறது, அவ்வளவுதான். மூன்று, நான்கு மாதத்தில் வேகம் குறைந்துவிடும், மறுபடி போட வேண்டும். ஃப்ளைஷரும் ‘குணமாகிவிட்டது’ என்று சொல்லிக்கொள்ளவில்லை, சமாளித்து வாசித்தார். உங்களுக்கு எது சரி என்பதை மருத்துவர் சொல்லட்டும். பத்திரமெல்லாம் கணினிக்கு மாறிவிட்ட காலத்தில் இன்னும் பேனா பிடிக்கிறீர்கள் என்பது எனக்குச் சந்தோஷம், உங்கள் விரலுக்கு இல்லை போலிருக்கிறது.

61 கட்டை கீபோர்டு போதுமா, 88 வேண்டுமா?
– வாசகர், ஊத்தங்கரை

ஆரம்பத்துக்கு 61 போதும். ஆனால் அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் கூடிக் குறைகிற மாடலாக இருக்க வேண்டும். எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம் வருகிற பெட்டியில் பழகினால் விரல் மரத்துவிடும். பியானோவில் வெள்ளை 52, கறுப்பு 36, ஆக 88. பியானோ தேர்வுகளில் நடுக் கிரேடுகளுக்குப் போனதும் இடது கைக்குக் கீழே இடம் பற்றாது. அப்போது எடைக் கட்டை (மரப் பியானோ போலவே கொஞ்சம் கனமாக அழுந்தும் கட்டை) உள்ள டிஜிட்டல் பியானோ வாங்குங்கள். மரப் பியானோ ஆசை இருந்தால், டியூனர் பெங்களூரிலிருந்து வர வேண்டும், வண்டிச் செலவும் நம் தலையில்தான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் விழும் ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அப்பா தெருக்கூத்தில் பெட்டி வாசிக்கிறார். அவரிடம் ஆர்மோனியம் பழகினேன். இப்போது கீபோர்டு வாங்கியிருக்கிறேன். வலது கை நன்றாக ஓடுகிறது. இடது கையை வைத்தவுடன் இரண்டும் கெடுகிறது. பெட்டிக்காரர் மகனுக்குப் பியானோ வராது என்கிறார் ஒரு சார். உண்மையா?
– வாசகர், பென்னாகரம் பக்கம்

தம்பி, அந்த சார் ஒரு ராத்திரி கூத்து முழுக்க உட்கார்ந்து பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டார்.

என்னிடம் வந்த ஒரு பெட்டிக்காரர் வீட்டுப் பையனைக் கவனித்திருக்கிறேன். வலது கை பாட்டை வாசிக்கும், இடது கை மடியில் கிடக்கும். ஆனால் சும்மா கிடக்காது. நான்கு விரலும் சேர்ந்து விரிந்து மூடி, விரிந்து மூடி, இல்லாத துருத்தியை அசைத்துக்கொண்டே இருக்கும். பாட்டு உச்சத்துக்குப் போனால் அந்த அசைவும் வேகமாகும். அந்தக் கை சோம்பேறிக் கை கிடையாது. பாட்டுக்கு மூச்சு கொடுத்துப் பழகிய கை. எங்கே காற்றைக் கூட்டுவது, எங்கே அடக்குவது என்று அதற்குத் தெரியும். கட்டையைத் தொடத்தான் அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உங்களுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்தவர் ஃப்ளைஷர். அவருக்கு முப்பது வருடம் இடது கை மட்டும்தான். அதை வைத்து வாசிக்க இசை எங்கிருந்து வந்தது? பால் விட்கன்ஸ்டைன் என்ற ஆஸ்திரியப் பியானோ கலைஞர் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தார். வசதியான குடும்பம். பெரிய இசையமைப்பாளர்களுக்குப் பணம் கொடுத்து இடது கைக்கென்றே எழுதி வாங்கினார். ராவெல் 1929–30இல் எழுதிய கான்செர்ட்டோ அப்படி வந்ததுதான். புரோகோஃபியெவ் எழுதியதை வாங்கி வைத்துக்கொண்டு வாசிக்கவே இல்லை. ஹிண்டெமித் 1923இல் எழுதிக் கொடுத்ததையும் அப்படியே பூட்டி வைத்துவிட்டார். விட்கன்ஸ்டைனின் மனைவி காலமான பிறகுதான் அந்தக் கையெழுத்துப் பிரதி வெளியே வந்தது. 2004இல் பெர்லின் ஃபில்ஹார்மானிக்கோடு, ஸைமன் ராட்டில் நடத்த, அதை உலகில் முதன்முதலாக வாசித்தவர் ஃப்ளைஷர். எண்பது வருடம் தூங்கிய பாட்டு! காசு கொடுத்து எழுதி வாங்கி, பிடிக்கவில்லை என்று பெட்டியில் போட்டு வைத்த விட்கன்ஸ்டைன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

அந்த ராவெல் கான்செர்ட்டோவில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இடது கையைக் கட்டைமேல் வைத்துப் பாருங்கள். சுண்டு விரல் கீழ் ஸ்தாயிப் பக்கம், கட்டைவிரல் மேல் ஸ்தாயிப் பக்கம். ராகம் மேலே இருந்தால்தான் காதில் தெளிவாக விழும். அந்த இடத்தில் கையிலேயே பலமான விரல் நிற்கிறது. அதனால் கட்டைவிரல் பாடும், மற்ற நாலு விரலும் கீழே தாளத்தையும் துணைச் சுரங்களையும் பார்த்துக்கொள்ளும். கீழே ஒரு சுரத்தை அழுத்தி, காலால் பெடலை மிதித்து அதை நிற்க வைத்துவிட்டு, கை மேலே தாவும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே கை என்று நம்ப மாட்டீர்கள்.

இனி உங்கள் வேலை. இரண்டு கையையும் சேர்ப்பதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். அப்பா பாடி வாசிக்கிற ஒரு வேஷக்காரர் வரவுப் பாட்டை எடுத்து, இடது கையால் மட்டும், ஒரு ஸ்தாயி கீழே வாசியுங்கள். முதலில் அசிங்கமாகத்தான் வரும், வரட்டும். அது வழிக்கு வந்ததும் இடது கையில் சுதியை மட்டும் பிடியுங்கள், ‘ச’வும் ‘ப’வும், அசையாமல். மேலே வலது கை பாடட்டும். அப்புறம் தாளத்தின் முதல் அடியில் மட்டும் அதை மாற்றுங்கள். ஒரு சோதனை சொல்கிறேன்: வலது கை வாசிக்கும்போது இடது கையின் பகுதியை உங்கள் வாயால் பாட முடிகிறதா? முடிந்தால் கை தானாக வரும். முடியாவிட்டால் இன்னும் காதுக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

அப்பா வாசிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். வேஷக்காரர் ஒரு அடியை இழுத்துவிட்டால் அப்பா அவர் வாயைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார், மூச்சு எடுக்கும் இடத்தில் சரியாகப் போய்ச் சேர்வார். எந்தக் கிரேடு புத்தகத்திலும் இதற்குப் பாடம் கிடையாது. எட்டாம் கிரேடு முடித்த பிள்ளைகள் பாட்டுக்காரருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கச் சொன்னால் தடுமாறுவது இங்கேதான்.

மகன் எட்டாம் வகுப்பு. ஐந்தாம் கிரேடு தேர்வுக்குத் தினமும் நாலு மணி நேரம் வாசிக்கிறான். மணிக்கட்டில் வலி. “வலிக்க வலிக்க வாசித்தால்தான் விரல் பலப்படும்” என்கிறார் அவனுடைய சார். தொடரலாமா?
– வாசகி, ஓசூர்

கூடாது. இன்றைக்கே நிறுத்துங்கள்.

தினமும் ஏழெட்டு மணி நேரம் கட்டையோடு மல்லுக்கட்டியதுதான் தன் கையைக் கெடுத்தது என்று ஃப்ளைஷர் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிராம்ஸ் வாசிக்கிற கைக்கே அந்தக் கதி என்றால் எட்டாம் வகுப்புக் கைக்கு என்ன ஆகும்? பிள்ளைக்கு வருவது டிஸ்டோனியா என்று நான் சொல்லவில்லை, பயந்துவிடாதீர்கள். அநேகமாக உட்காரும் உயரத்தில் கோளாறு இருக்கும். வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரும்பு ஸ்டாண்டை உயரமாக வைத்திருப்பீர்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள், முழங்கையும் கட்டையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு கீழே தொங்கினாலும், மேலே மடிந்தாலும் வலிக்கும். தோள் காதுக்கு ஏறியிருந்தால் அதையும் இறக்கச் சொல்லுங்கள்.

இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம், நடுவில் எழுந்து போகட்டும். பாதிப் பயிற்சியைக் கட்டையைத் தொடாமல் செய்யலாம். இசைக்குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்காமல், மனதுக்குள் கேட்கச் சொல்லுங்கள். முதலில் காதில் ஓட வேண்டும், அப்புறம்தான் விரல் என்பது ஷ்னாபெல் வழியாக ஃப்ளைஷருக்கு வந்த பாடம். முன்னாலேயே மனதில் கேட்காமல் வாசித்தால் நன்றாக வருவதும் தற்செயல்தான் என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஓய்வு கொடுத்தும் வலி குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். தேர்வு அடுத்த தவணையிலும் வரும். அந்த சாரிடம் மரியாதையாகப் பேசிப் பாருங்கள். மறுபடியும் ‘வலிக்க வலிக்க’ என்றால் வேறு ஆள் பார்த்துவிடுங்கள்.

மாங்காய் மண்டியில் வேலை. கூடை தூக்கித் தூக்கி விரலெல்லாம் காய்த்துப்போய்விட்டது. முப்பது வயதுக்கு மேல் பியானோ ஆசை. நடக்குமா?
– வாசகர், போச்சம்பள்ளி

தாராளமாக. காய்ப்பு ஒரு தடையே இல்லை. சீசன் முடிந்து வாருங்கள். மாங்காய்ப் பால் பிசுபிசுக்கும் விரலோடு மட்டும் என் பியானோ பக்கம் வந்துவிடாதீர்கள்.

ராயக்கோட்டையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறேன். ஐந்தாம் கிரேடுக்கு மேல் எனக்கே வாசிக்க வராது. “உங்களுக்கே வராததை எப்படிச் சொல்லித்தருவீர்கள்?” என்று ஒரு அப்பா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– வாசகி, ராயக்கோட்டை

விட வேண்டாம். அந்த அப்பாவுக்கு ஃப்ளைஷர் கதையைச் சொல்லுங்கள். கை நன்றாக இருந்த காலத்தில் அவர் பாடம் நடத்திய விதம் சுலபமானது: மாணவரை நகரச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். மாணவர் அதைப் பார்த்துக் காப்பியடிப்பார். கை போனதும் அந்த வழி அடைபட்டது. ஒவ்வொன்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். இந்த வரி ஏன் இங்கே தளர்கிறது, இந்த மௌனம் எவ்வளவு நேரம், எந்த சுரத்தை நோக்கி இது போகிறது என்று சொல் தேடித் தேடிச் சொன்னார். அதனால்தான் நல்ல ஆசிரியர் ஆனேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், ஜொனாதன் பிஸ் என்று அவரிடம் படித்தவர்கள் மேடைகளை நிறைத்தார்கள். ஒருவருக்கு ஒருவர் சாயல் கிடையாது. காப்பியடிக்க ஆள் இல்லாததால் வந்த நன்மை அது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் ஷ்னாபெலிடமிருந்து அவருக்கு வந்தது. ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்ற மாணவர்களும் கூடவே இருந்து கேட்பார்கள். நம் ஊரில் முப்பது நிமிடத்துக்கு ஒரு பிள்ளை, வாசலில் செருப்பைப் போட்டதும் முந்தைய பிள்ளை கிளம்பிவிடும். பத்து நிமிடமாவது இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அடுத்தவன் தப்பு எங்கே என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரியும், தன் தப்பு அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

ஆனால் ஒன்று, ஃப்ளைஷரைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு வாசிக்க முடியாமல் போனதே தவிர, அந்த இசை முழுக்க உள்ளே இருந்தது. ஆறாம் கிரேடு பாட்டை நீங்கள் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கம் பக்கமாகப் படித்து, கேட்டு, எங்கே சிக்கல் வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவுக்கும் முடியாத கட்டம் வந்தால் ஓசூருக்கோ பெங்களூருக்கோ நல்ல ஆளிடம் அனுப்புங்கள். பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்கிற டீச்சரைவிட, நேரம் பார்த்து அனுப்புகிற டீச்சரிடம் தம்பி தங்கைகளையும் கொண்டுவந்து விடுவார்கள். என் அனுபவம் இது.

அவர் வாசித்ததில் முதலில் எதைக் கேட்பது?
– வாசகர், கிருஷ்ணகிரி பழையபேட்டை

1958இல் ஸெல்லோடு பதிவு செய்த பிராம்ஸ் முதல் கான்செர்ட்டோ. நீளமாக இருக்கும், முதல் பகுதி மட்டும் கேட்டாலும் போதும். அடுத்து, ஸெய்ஜி ஒஸாவா நடத்திய பாஸ்டன் சிம்ஃபனியோடு ராவெலின் இடது கை கான்செர்ட்டோ. மூன்றாவதாக 2004ஆம் வருடத் தட்டில் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா. இந்த வரிசையிலேயே கேளுங்கள். எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் இடது கை காதிலேயே விழாது.